அரை டம்ளருக்கும் ஒரு ஸ்தோத்திரம்

"மேளம் அடிக்கலன்னா இது இன்னா சாவு வூடா, டியூஷன் சென்டரா?"

வெற்றிவேல் போட்ட சத்தத்தில், வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தவர்கள் பேப்பர் கப்பைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். காலையிலிருந்து அழுகையைத் தவிர வேறொன்றும் நடக்காத வீடு அது. இப்போதுதான் சூடு பிடிக்கிறது.

"சித்தப்பா, அப்பாவே சொல்லிட்டுத்தான் போனாரு. பாட்டு போதும், ஜெபம் போதும்னு," என்றான் தீனா.

"செத்தவன் ஆயிரம் சொல்லுவான். நாளைக்கு ஊர்ல தலகாட்டப் போறவன் நானு. எங்கண்ணன் இன்னா அநாதப் பொணமா, சத்தமில்லாம தூக்கிகினு போவ?"

"சத்தமில்லாமன்னு யாரு சொன்னது? கீபோர்டு வருது."

"கீபோர்டா! கீபோர்டுக்கு எவனாச்சும் ஆடுவானாடா?"

தலைக்கு மேலே ஒரு விமானம் இறங்கியது. அது போகிறவரை இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு, முறைத்தபடி காத்திருந்தார்கள். விமான நிலையத்தை ஒட்டிய பொழிச்சலூரில் சண்டைக்கும் இடைவேளை உண்டு. எதிர் அடுக்ககத்து மூன்றாம் மாடியில் வைத்தீஸ்வரன் சார், துக்கத்துக்கு வருவதா, பால்கனியிலிருந்தே பார்த்துவிடுவதா என்று இன்னும் முடிவு செய்யாமல் நின்றுகொண்டிருந்தார். பால்கனியிலிருந்து நன்றாகவே தெரிந்தது என்பதும் ஒரு காரணம்.

உள்ளே, ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த கங்கையம்மாளுக்கு இரண்டு பேர் பேச்சும் காதில் விழுந்தது. சாதாரண நாளாக இருந்தால் இந்நேரம் எழுந்து போய் இருவரையும் ஒரே வாயில் அடக்கியிருப்பாள். அந்தத் தெருவில் அவள் வாய்க்குப் பயந்து குப்பை வண்டிக்காரன்கூட நேரத்துக்கு வருவான். இன்றைக்கு வாய் திறக்கவில்லை. பெட்டிக் கண்ணாடியில் தெரிந்த புருஷன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் என்னவோ தூங்குகிற மாதிரிதான் இருந்தது. குறட்டைதான் இல்லை.

ஜெயவேலு தண்ணீர் லாரி வைத்திருந்தவர். நிலத்தை விற்ற காசில் வாங்கிய லாரி. பம்மல், அனகாபுத்தூர், பல்லாவரம் என்று ஒரு நாளைக்கு எட்டு நடை அடிப்பார். லாரியில் ஏற்றியது தண்ணீர், தனக்கு ஏற்றிக்கொண்டது வேறு. பெரு வெள்ளம் வந்த வருடம் அடையாறு வீட்டுக்குள் புகுந்தபோது, கங்கையம்மாளும் தீனாவும் உறவுக்காரர் வீட்டில் இருந்தார்கள். அவர் மட்டும் லாரியை விட்டு வரமாட்டேன் என்று அடம்பிடித்து, கடைசியில் யார் வீட்டு மொட்டை மாடியிலோ மூன்று நாள் மாட்டிக்கொண்டார். கூட மாட்டிக்கொண்டவர் பாஸ்டர் ஜெபராஜ். இரண்டு பேருக்கும் இடையில் ஒரு பிரெட் பாக்கெட்.

படகிலிருந்து இறங்கி வந்த ஜெயவேலு, "எனக்கு ரட்சிப்பு கெடச்சிருச்சு கங்கா," என்றார். மூன்று நாள் சரக்கு கிடைக்காததால் வந்த தெளிவு, பொங்கல் வரை தாங்கினால் அதிகம் என்று தெரு சொன்னது. பத்துப் பொங்கல் தாங்கியது. தெருவுக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

குடி போன இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது. எதற்கெடுத்தாலும் ஸ்தோத்திரம். கரண்டு வந்தால் ஸ்தோத்திரம், போனால் காற்றாட வெளியே உட்காரலாம் என்று அதற்கும் ஒன்று. தோசை தீய்ந்துபோன ஒருநாள் அதைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு, "ஸ்தோத்திரம் ஆண்டவரே," என்றார். கங்கையம்மாள் தோசைத் திருப்பியோடு வந்து நின்றாள்.

"இது ஜெபமா, நக்கலா?"

இன்றுவரை அவளுக்கு அதில் சந்தேகம் இருந்தது. அவள் கோயிலுக்குப் போவாள், ஆடிக்குக் கூழ் ஊற்றுவாள். அவரும் தடுத்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை கிளம்பும்போது மட்டும், "வர்றியா?" என்பார். "துணி ஊற வச்சிருக்கேன்," என்பாள். பத்து வருடமாக ஞாயிறுதோறும் அந்த வீட்டில் துணி ஊறியது.

வாசலில் ஒருவழியாகச் சமாதானம் ஆனது. முன்னால் மேளம், பின்னால் கீபோர்டு. இவர்கள் குடும்பத்தில் புதைப்பதுதான் வழக்கம் என்பதால் அதில் சண்டைக்கு வழியில்லாமல் போயிற்று.

ஆனால் மேளம் வந்தால் அது தனியாக வராது. ஜெயவேலுவின் அக்கா முனியம்மா ஒரு தாம்பாளத்தோடு உள்ளே வந்தாள். தாம்பாளத்தில் மல்லிகைப்பூ, மஞ்சள், ஒரு டஜன் கண்ணாடி வளையல், மடித்து வைத்த ஈரத்துணி. பத்தாம் நாள் செய்கிறவர்கள் உண்டு. இவர்கள் வகையறாவில் பெட்டி எடுக்கும் முன்பே முடித்துவிடுவார்கள். கடைசியாக ஒருமுறை அலங்காரம், உடனே வளையலை உடைத்து, பூவைப் பிடுங்கி, பொட்டை அழிப்பது. முனியம்மாவுக்கு இருபத்திரண்டு வருடத்துக்கு முன்பு அப்படித்தான் நடந்தது. அதற்குப் பிறகு அவள் எந்தக் கல்யாணத்திலும் சமையல்கட்டைத் தாண்டி வந்ததில்லை.

"எழுந்திரு கங்கா. நேரமாவுது," என்றாள்.

"அதெல்லாம் வேணாம்மா. விசுவாசியோட வீட்டுல இந்தச் சடங்கு கூடாது." பாஸ்டரின் மனைவி அருள்மேரி குறுக்கே வந்தாள். கங்கையம்மாளுக்கு ஒரு விநாடி அந்தப் பெண்மேல் பிரியமே வந்துவிட்டது. அருள்மேரி அதோடு நிறுத்தியிருக்கலாம். "அக்கா, நீங்களே மனசாரத் தொடச்சிருங்க. இந்தப் பொட்டும் பூவும் இனிமே நமக்கு எதுக்கு? ஐயா எவ்வளவு நாள் உங்களுக்காக ஜெபிச்சாரு. இன்னிக்கே ஒரு தீர்மானம் எடுத்துருங்க."

முனியம்மா அருள்மேரியைப் பார்த்தாள். அருள்மேரி முனியம்மாவைப் பார்த்தாள். காலையிலிருந்து முதல் தடவையாக இரண்டு கட்சிக்கும் ஒத்த கருத்து ஏற்பட்டிருந்தது. கங்கையம்மாளின் நெற்றி காலியாக வேண்டும். யார் துடைப்பது என்பதுதான் பாக்கி.

"மொதல்ல ஜெபம் முடியட்டும்," என்றாள் கங்கையம்மாள். காலையிலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தை. தாம்பாளம் ஓரமாகப் போயிற்று. ஈரத்துணி ஈரமாகவே காத்திருந்தது.

நான்கு மணிக்கு ஆராதனை ஆரம்பித்தது. பாஸ்டர் ஜெபராஜ் நல்ல மனிதர். மைக் கிடைத்தால் மட்டும் கொஞ்சம் நேரம் தெரியாது. "நம்முடைய சகோதரன் சாந்தகுணமுள்ளவர். கோபமென்றால் என்னவென்று அறியாதவர். உபத்திரவத்திலே முறுமுறுக்காதவர். ஆகாரத்திலும் பானத்திலும் இச்சையடக்கமுள்ளவர்..."

"பாஸ்டர், ஒரு நிமிசம். யாரப் பத்திப் பேசுறீங்க?"

கங்கையம்மாள் எழுந்து நின்றிருந்தாள். பந்தல் முழுக்கத் திரும்பியது. வைத்தீஸ்வரன் சார் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தார்.

"பெட்டியில கீறவரு எம் புருசன். அவரப் பத்தின்னா நான் சொல்றேன். மைக்கு குடுங்க."

பாஸ்டர் கொடுத்துவிட்டார். வேறு என்ன செய்வார்?

"சாந்தமாம். லாரிக்கு வழி வுடலன்னு பஸ்சு டிரைவரையே எறக்கி அடிச்ச ஆளு இது. அப்புறம் மாறுனாரு, இல்லன்னு சொல்லல. ஆனா இச்சையடக்கம் அது இதுன்னு எல்லாம் சொல்லாதீங்க. மூணு வருசமா டயாலிசிஸ். வாரத்துக்கு மூணு தபா நாந்தான் பஸ்சுல இட்டுகினு போவேன். ஒரு நாளைக்கு மூணு டம்ளர் தண்ணிதான் குடுக்கணும்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஊருக்கெல்லாம் லாரி லாரியா ஊத்துன மனுசனுக்கு மூணு டம்ளர். பாத்ரூம் குழாயில திருட்டுத்தனமா வாய வச்சிக் குடிப்பாரு. ஏமாந்தா ஐசுகட்டிய எடுத்து வாயில அடக்கிக்குவாரு. நான் புடிச்சித் திட்டுவேன். இதான் உங்க இச்சையடக்கம்."

யாரோ சிரித்துவிட்டு உடனே இருமினார்கள்.

"ஒவ்வொரு டம்ளரையும் வாங்கிகினு ஸ்தோத்திரம்னு சொல்லுவாரு. சொல்லிட்டு எம் மூஞ்சியப் பாப்பாரு. நான் ஆமென் சொல்லணுமாம். டம்ளருக்கு முன்னாடி தோசைக்கும் அப்டித்தான், பத்து வருசமா பாத்துகினே இருந்தாரு. நான் சொன்னதே இல்ல. ஒரு தபாகூட."

மைக்கை இறக்கினாள். மறுபடி உயர்த்தினாள்.

"நேத்து சாயங்காலம் நாலாவதா கேட்டாரு. அரை டம்ளர் போதும்டின்னாரு. நான் குடுக்கல. சரி, குடுக்காததுக்கும் ஸ்தோத்திரம்னாரு. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். இன்னாயா நக்கலான்னு கத்திட்டேன். நக்கல் இல்ல கங்கா, ஒருத்தி எண்ணிகினு கீறாளே, அதுக்குத்தான்னாரு. நீ எண்ணாம வுட்டிருந்தா நான் எப்பவோ போயிருப்பேன்னாரு. அப்புறம் படுத்தாரு. காலைல மொத டம்ளர எடுத்துகினு போயி எழுப்புறேன், எழுந்துக்கல."

சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"தண்ணி குடுக்காம அனுப்பிட்டோமேன்னு காலைலேந்து நெஞ்சு அடைச்சிகினு கெடக்குறேன். அழுவக்கூட வரல. ஆனா அவரு கடைசியா சொன்னது திட்டு இல்ல. ஸ்தோத்திரம். அது நக்கலும் இல்ல. ஒரு நாளும் நக்கல் இல்ல. தீஞ்ச தோசைக்குச் சொன்னதும் மெய்யாலுமேதான் சொல்லிகீறாரு. எனக்குத்தான் வெளங்கல. அந்த டம்ளரு இன்னும் அப்டியே கீது. அதுக்கு யாரு சொல்றது? நாந்தான் சொல்லணும்."

ஐஸ் பெட்டியின் பக்கம் திரும்பினாள். அழைத்துப் பழக்கமில்லாத ஒருவரைக் கூப்பிடுவது மாதிரி, கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னாள்.

"ஸ்தோத்திரம் ஆண்டவரே. இந்த ஆள எனக்குக் குடுத்ததுக்கு. குடிகாரனாக் குடுத்து, பாதியில மாத்திக் குடுத்ததுக்கு. மூணு வருசம் எண்ண வச்சதுக்கு."

பெட்டிக் கண்ணாடிமேல் கையை வைத்தாள்.

"இப்ப அவரு ஆமென் சொல்லணும். சொல்லாம படுத்துகினு கீறாரு. பரவால்ல. நானே சொல்லிக்கிறேன். ஆமென்."

"ஆமென்!" என்று சபை முழங்கியது. வாசலில் நின்ற மேளக்காரர்கள் ஆரம்பிக்கச் சொல்கிறார்கள் என்று நினைத்து ஒரு தட்டு தட்டிவிட்டு நிறுத்தினார்கள். வெற்றிவேலும் ஆமென் சொல்லிவிட்டான். சொன்னது யார் என்று பின்னால் திரும்பிப் பார்த்தான்.

"இருங்க, இன்னும் முடியல," என்றாள் கங்கையம்மாள். கண்ணிலிருந்து அப்போதுதான் தண்ணீர் வழிய ஆரம்பித்திருந்தது. அதைத் துடைக்காமலே பேசினாள். "அண்ணி, உங்க தாம்பாளத்த எடுத்துகினு போங்க. பாஸ்டரம்மா, நீங்களும் கேளுங்க. இந்தப் பொட்ட மொதல்ல வச்சது எங்கம்மா. பத்து வருசத்துல அவரு ஒரு நாளும் இத அழின்னு சொன்னதில்ல. குடுத்ததுக்கு நன்றி சொல்லிட்டு, குடுக்கவேயில்லன்ற மாதிரி மூஞ்சியத் தொடச்சிகினு நிக்க என்னால ஆவாது. ஞாயித்துக்கெழம நான் சர்ச்சுக்கு வரேன். பொட்டோடதான் வருவேன். ஆண்டவருக்கு அது கஷ்டமா இருந்தா என்னாண்ட சொல்லட்டும்."

பாஸ்டர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். மேலே பெரிய விமானமாக ஒன்று வந்தது. அது கடந்து போவதற்குள் அவருக்கும் யோசிக்க நேரம் கிடைத்துவிட்டது. "பாட்டு பாடுவோம்," என்றார்.

பெட்டி கிளம்பியது. குட்டி யானை லோடு வண்டியில் கீபோர்டு, முன்னால் மேளம். தெரு திரும்புகிறவரை இரண்டும் ஒன்றையொன்று அமுக்கப் பார்த்தன. இரண்டாவது திருப்பத்தில் மேளக்காரர்கள் பாட்டின் தாளத்தைப் பிடித்துக்கொண்டார்கள். அதன் பிறகு அந்தப் பாட்டை நிறுத்த யாராலும் முடியவில்லை. வெற்றிவேல் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, அழுதுகொண்டே, அல்லேலூயாவுக்கு ஆடினான். சபைக்காரர்கள் இரண்டு பேர் காலைத் தட்டியதாகவும் கேள்வி. பெண்கள் தெருமுனையோடு திரும்பிவிடுவது வழக்கம். கங்கையம்மாள் திரும்பவில்லை. குழிவரை நடந்தாள். முதல் பிடி மண்ணை அவள்தான் போட்டாள்.

அப்புறம் நடந்தது எல்லாருக்கும் தெரிந்ததுதான். தீனாவுக்கு மறைமலை நகரில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் வேலை கிடைக்க, அவன் அங்கேயே குடி போய்விட்டான். அம்மாவைக் கூப்பிட்டான், ஞாயிற்றுக்கிழமைக்குத் தோதுப்படாது என்று அவள் போகவில்லை. சபையில் சாட்சி சொல்ல ஆளுக்கு மூன்று நிமிடம் என்று புதிதாக ஒரு விதி வந்திருக்கிறது. யாரை மனதில் வைத்து வந்த விதி என்று சொல்லத் தேவையில்லை. பாதி புகார், பாதி நன்றி என்று அவள் பேசுவதைக் கேட்கவே பம்மலிலிருந்து இரண்டு குடும்பம் வருகிறது. பொட்டு விஷயமாக அருள்மேரி இன்னும் ஜெபித்துக்கொண்டிருக்கிறாள். இப்போது பாஸ்டரும் அவளும் பள்ளிக்கரணையில் ஒரு கிளைச் சபை ஆரம்பித்து அங்கே மாறிவிட்டதால், ஜெபம் அங்கிருந்து நடக்கிறது.

தை மாதம் வெற்றிவேல் மகள் சுபத்ராவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வங்கியில் வேலை. நலங்கு அன்றைக்கு, "அண்ணி, மொத நலங்கு நீங்க வைங்க," என்றான் வெற்றிவேல். சரக்கு உள்ளே போகும் முன், காலை பத்து மணிக்கே சொன்னதால் சுயநினைவோடுதான் சொன்னான் என்று எடுத்துக்கொள்ளலாம். பெண்கள் கூட்டத்தில் ஒரு சலசலப்பு ஓடி அடங்கியது. கங்கையம்மாள் பெண்ணின் கன்னத்தில் மஞ்சளும் சந்தனமும் பூசினாள். வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தாள். என்னவென்று கேட்காமலே எல்லாருக்கும் தெரியும். பிறகு நேரே சமையல்கட்டுக்குப் போய், வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த முனியம்மாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். "வுடுடீ, எல்லாரும் பாக்குறாங்கோ," என்று முனியம்மா திமிறினாள். கங்கையம்மாள் விடவில்லை. அந்தக் கையைச் சந்தனக் கிண்ணத்தில் அமுக்கிவிட்டுத்தான் விட்டாள்.

அன்றைக்குப் பந்தியில் முனியம்மா ஸ்பூன் கேட்டாள். வாழையிலைச் சாப்பாட்டுக்கு ஸ்பூனா என்று பரிமாறுகிறவன் முழித்தான். சந்தனம் கழுவாத வலது கையை மடியில் மலர்த்தி வைத்துக்கொண்டு, இடது கையால் சோற்றை அள்ளி, பாதியைச் சேலையில் சிந்தியபடி, அவள் ரசம் வரைக்கும் நிதானமாகச் சாப்பிட்டாள்.