மூன்றாவது வரி

என் தம்பி ஹிக்மத்தைக் கொன்ற ஏவுகணை அவனுக்காக வந்ததல்ல. முன்னால் போன காருக்காக வந்தது. கல் குவாரியில் வேலை முடித்துப் பின்னால் வண்டியில் வந்துகொண்டிருந்தவன், அந்தக் காரோடு சேர்ந்து எரிந்து போனான். அதை ஏவிய ஹெலிகாப்டர் இஸ்ரேலுடையது. சாம்பலுக்குள் கிடந்ததைப் பொறுக்கியபோது உள்ளங்கை அகலத்தில் ஒரு தகடு என் கைக்கு வந்தது. அதிலிருந்த எழுத்து எங்களுடையதும் இல்லை, அவர்களுடையதும் இல்லை.

நான் கல்லில் எழுத்து வெட்டுகிறவன்தான். ஆனால் நாற்பத்து மூன்று வயது வரை எழுத்தைப் படம் மாதிரிப் பார்த்துத்தான் வெட்டினேன். அதன்பிறகுதான் லுத்ஃபி வாத்தியாரிடம் படித்தேன். தகட்டையும் அவரிடமே கொண்டுபோனேன்.

"அமெரிக்கால செஞ்சதுன்னு போட்டிருக்கு, அபூ ரஜா. கீழ இருக்கறது நம்பர்."

"அந்த எழுத்தயும் சொல்லிக் குடுங்க."

"இந்த வயசுலயா? எதுக்கு?"

"தேவைப்படும்."

இரண்டு வருடம் கழித்துத் தேவைப்பட்டது.

எங்கள் பைத் ஸரார் ஊருக்குக் கோடையில் பதினெட்டு நாளுக்கு ஒருமுறைதான் குழாயில் தண்ணீர். எதிர்க் குன்றில் வந்து குடியேறிய இஸ்ரேலியர்களின் புல்தரை மட்டும் எப்போதும் பச்சை. ஊருக்குத் தண்ணீர்த் தொட்டி கட்டித் தருகிறோம் என்று அமெரிக்கர்கள் வந்தார்கள். தொட்டி உயரத்தில் நிற்க வேண்டும். ஊரிலேயே உயரமான இடம் ஹிக்மத்தின் ஒலிவத் தோட்டம். அவன் மனைவி ஸமீஹா முடிவை என்னிடம் விட்டாள்.

"மேலேருந்து நெருப்புப் போட்டவன் இப்ப மேலேருந்து தண்ணி விடப்போறானாக்கும்?" என்றாள்.

"நீ சொல்லு. குடுக்கவா, வேணாமா?"

"தண்ணி டப்பா தூக்கித் தூக்கி என் தோள் எறங்கிப்போச்சு. வேணாம்னு சொல்ல எனக்கு வாய் வரல. ஆனா சும்மா மட்டும் குடுத்துடாதீங்க, அபூ ரஜா."

ஊர்த்தலைவர் ஹாஜ் ஸுப்ஹிக்குச் சொல்லி அனுப்பினேன். அமெரிக்கன் என் வீட்டுக்கு முறையாக வரட்டும், பெரியவர்களோடு வரட்டும் என்று.

முறை என்றால் இதுதான். ஒரு காரியம் கேட்டு வருகிறவன் கொடுத்த காப்பியைக் குடிக்க மாட்டான். கோப்பையைத் தன் முன்னால் தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பான். கேட்டது கிடைக்கும் என்று வீட்டுக்காரன் சொல்லி, 'குடிங்க' என்ற பிறகுதான் எடுப்பான். ஒரு கொலைக்குச் சமாதானம் கேட்டு வருகிறவர்களும் இப்படித்தான் காத்திருப்பார்கள். நான் நினைத்து வைத்திருந்தது இதுதான்: அந்தக் கோப்பை ஆறட்டும், வண்டல் படியட்டும். அவன் கால் மரத்துப்போகட்டும். பிறகு கேட்பேன், 'என் தம்பி பேரைச் சொல். உன் வாயால் சொல். அப்புறம் குடி.' இரண்டு வருடமாக எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை நடுப்பகல் தொழுகை முடிந்து வந்தார்கள். ஹாஜ் ஸுப்ஹி, ஊர்ப் பெரியவர்கள் ஆறு பேர், அமெரிக்கன், ஜெருசலேமிலிருந்து வந்த மொழிபெயர்ப்பாளன் ஃபுவாத். அமெரிக்கன் நெட்டை. மெத்தையில் உட்கார்ந்தபோது முழங்கால் காதுக்கு வந்தது. நானே காப்பி ஊற்றினேன். ஹாஜ் ஸுப்ஹி கோப்பையைத் தரையில் வைத்தார். ஆறு பேரும் வைத்தார்கள்.

அமெரிக்கன் ஒரே மடக்கில் குடித்துவிட்டு, இன்னொன்று என்று கோப்பையை நீட்டினான்.



"யா ஃபுவாத்," என்று பல்லைக் கடித்தார் ஹாஜ் ஸுப்ஹி, "சொல்லிக் கூட்டிட்டு வர மாட்டியாடா?"

"டவுன்ல இதெல்லாம் இப்ப யாரு பாக்கறா, ஹாஜ்?"

"இது டவுனாடா?"

நான் இன்னொரு முறை ஊற்றினேன். அதையும் குடித்தான். பிறகு பேசினான். இரு தரப்பும் பொறுமை காக்க வேண்டும், இரு தரப்பிலும் இழப்பு உண்டு, தன் நாட்டுக்கு இரு தரப்பும் வேண்டியவர்களே என்றான்.

கிழவர் அபூ தய்ஸீர் ஃபுவாத் பக்கம் சாய்ந்தார். "நம்ம தரப்பு ஹெலிகாப்டர எங்க நிறுத்தியிருக்குன்னு கேளு. ஒருதடவ ஏறிப் பாக்கணும்."

ஃபுவாத் அதை மொழிபெயர்க்கவில்லை.

"அவர் குடிச்சிட்டாரு," என்றேன் நான். "அப்ப எங்கிட்ட கேக்க அவருக்கு ஒண்ணுமில்ல. நான் குடுக்கறதுக்கும் ஒண்ணுமில்ல."

"என் கோப்பை நிறைய இருக்கு, அபூ ரஜா," என்றார் ஹாஜ் ஸுப்ஹி. குரல் இறங்கிவிட்டது. "இத நீ பாத்துத்தான் ஆகணும்."

பார்த்தேன். தரையில் ஏழு கோப்பைகள். ஹிக்மத்தின் பாடையைத் தோளில் சுமந்த ஏழு பேர்.

"நெலம் ஊருக்கு. அவனுக்கில்ல. ஒண்ணே ஒண்ணு. தொட்டில பதிக்கிற கல்ல நான்தான் வெட்டுவேன். தெறக்கற நாள் வரைக்கும் எவனும் அதப் பாக்கக் கூடாது."

"கல்லுதானேப்பா. வெட்டிக்கோ."

"குடிங்க."

ஆறிப்போன காப்பியை ஏழு பேரும் குடித்தார்கள். நடந்தது எதுவும் புரியாமல் அமெரிக்கன் என் கையைப் பிடித்துக் குலுக்கினான். அவன் கை மெத்தென்று இருந்தது.

கல்லில் என்ன எழுத வேண்டும் என்று அமெரிக்கர்களே தாள் கொடுத்தார்கள், அவர்கள் மொழியில். 'அமெரிக்க மக்களின் அன்பளிப்பு.' ஓர் எழுத்தும் குறையாமல் வெட்டினேன். அதற்குக் கீழே இரண்டாவது வரியாக, தகட்டில் இருந்த எழுத்தையும் நம்பரையும் அப்படியே வெட்டினேன். மூன்றாவது வரியில் என் தம்பியின் பெயர், செத்த தேதி. எல்லாம் அவர்கள் எழுத்தில். ஹிக்மத்தின் சிற்றுளியால்தான் வெட்டினேன். அவன் பெயரின் முதல் எழுத்து ஏணி மாதிரி இருக்கும். இரண்டு கால், நடுவில் ஒரு படி.

திறப்பு விழாவுக்குக் கேமராக்காரர்கள் வந்தார்கள். தண்ணீரை ஏற்றும் மோட்டார் லாரியில் இருந்தது. திறந்து முடிந்ததும் இறக்கிப் பொருத்துவதாகப் பேச்சு. அமெரிக்கன் துணியை விலக்கினான். கேமராவுக்கு முகம் காட்டி, குனிந்து, உரக்கப் படித்தான். முதல் வரிக்குக் கைதட்டினார்கள். அதே வேகத்தில் இரண்டாவது வரிக்குப் போனான். நம்பர் பாதியில் குரல் தடுக்கியது. ஆனால் வாய் நிற்கவில்லை. மூன்றாவது வரிக்கு வந்து, "ஹிக்...மத்," என்றது.

எல்லோருக்கும் கேட்டது. எனக்குக் கேட்டது.

அவன் நிமிர்ந்து என்னைத் தேடினான். நான் முன்வரிசையில்தான் நின்றேன். தகட்டைக் கையில் உயர்த்திப் பிடித்திருந்தேன். கேமரா என் பக்கம் திரும்பியது. அவன் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். பசித்துக் கிடந்தவன் ரொட்டி தின்ற மாதிரி இருந்தது எனக்கு.

அந்தக் கல்லைப் பெயர்த்தால்தான் மோட்டாரை இறக்குவோம் என்றார்கள் அமெரிக்கர்கள். ஹாஜ் ஸுப்ஹி என்னைப் பார்த்தார்.

"அபூ ரஜா, ஒரு கல்லு. ஒரே ஒரு கல்லு."

"உங்க கோப்பை காலியாயிடுச்சு, ஹாஜ்."

லாரி மோட்டாரோடு திரும்பிப் போய்விட்டது. தொட்டி இன்னும் காய்ந்து கிடக்கிறது. ஊரில் பாதிப் பேர் என் சலாமுக்குப் பதில் சொல்வதில்லை. ஹாஜ் ஸுப்ஹி தெரு மாறிப் போகிறார். அவர்கள் மேல் எனக்குக் குறையில்லை. அவர்கள் பெண்களும் டப்பா தூக்குகிறார்கள்.

ஸமீஹா இன்னும் தூக்குகிறாள். நேற்று வழியில், தொட்டிக் கல்லுக்கு முன்னால், டப்பாவை இறக்கி வைத்துவிட்டுத் தோளைத் தேய்த்துக்கொண்டாள்.

"ஊரே உங்கள வையுது," என்றாள்.

"நீயும் வையி."

அவள் வையவில்லை. டப்பாவைச் சாய்த்து ஒரு கை தண்ணீர் பிடித்து, கல்லின் மூன்றாவது வரியில் ஊற்றி, விரலால் தூசியைத் துடைத்தாள். பிறகு டப்பாவைத் தூக்கிக்கொண்டு போனாள்.

மழைக்காலத்தில் எழுத்துக்குள் பாசி பிடிக்கும். சிற்றுளி கொண்டுபோய் நான் சுரண்டிவிடுவேன்.