ராமையாவின் கம்பி பிரேக்

1952-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் பன்னிரண்டாம் நாள், புதன்கிழமை. முகிலற்ற வானம். காலை எட்டு மணிக்கே வெயில் முதுகைச் சுட்டது. மலாயாவில் பீடோங்கைச் சுற்றியிருந்த தோட்டங்களில் ரப்பர் மரங்கள் பழைய இலைகளை உதிர்த்துவிட்டுச் செம்பு நிறத் தளிர்களோடு நின்றன. மூன்று வாரங்களாக ஒரு சொட்டு மழையில்லை. சாலை நன்கு காய்ந்திருந்தது. பிரேக் சோதனைக்கு இதைவிடச் சிறந்த நாள் அமையாது என்று டாக்சி ஓட்டுநர் ராமையா தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார்.

அவருடைய வண்டி 1935-ஆம் ஆண்டில் செய்யப்பட்ட கறுப்பு ஆஸ்டின். அதன் பிரேக் கம்பியால் இயங்குவது. மிதியை மிதித்தால், வண்டியின் அடியில் ஓடும் இரும்புக் கம்பிகள் இழுபட்டுச் சக்கரங்களைப் பிடிக்கும். புதிதாக வந்த கார்களிலோ எண்ணெய் பிரேக் வந்துவிட்டது. ஆகவே, சோதனையில் தேறினால் பழைய பிரேக்கோடு ஓட்டலாம், தேறாவிட்டால் எண்ணெய் பிரேக் பொருத்திய பின்னரே டாக்சியாக ஓட்டலாம் என்று போக்குவரத்து அலுவலகத்திலிருந்து அவருக்குக் கடிதம் வந்திருந்தது.

கம்பியின்மீது ராமையாவுக்கு இருந்த பற்று வெறும் பிடிவாதம் அன்று. ஜப்பானியர் ஆட்சியில் பிரேக் எண்ணெய் மருந்துக்கும் கிடைக்கவில்லை. எண்ணெயை நம்பியிருந்த வண்டிகளில் கோழிகள் அடைகாத்தன. ராமையாவின் கம்பி அறுந்தபோதோ, கொல்லன் பட்டறையில் பழைய கட்டில் கம்பியைக் காய்ச்சி அடித்து மாட்டிக்கொண்டு, மறுநாளே வண்டியை எடுத்தார். கண்ணுக்குத் தெரியும் கம்பியை நம்பலாம். குழாய்க்குள் ஒளிந்திருக்கும் எண்ணெயை நம்பி நாலு உயிரை எப்படி ஏற்றுவது என்பார். மனைவியின் தம்பி மனோகரன் இதை ஏற்றதில்லை. பட்டறை மெக்கானிக்கான அவன், கவிழ்ந்துபோன ஒரு காரிலிருந்து கழற்றிய எண்ணெய் பிரேக்கை மூன்று மாதமாக மச்சானுக்கென்று எடுத்து வைத்துக் காத்திருந்தான்.

சோதனைக்கு முதல் நாள் மாலையில் ராமையா கம்பிகளை முடுக்கினார். ஆள் ஏறினால் வண்டி தாழும். வண்டி தாழ்ந்தால் கம்பியின் பிடி மாறும். ஆகவே பாரத்தை ஏற்றி வைத்தே கம்பியை முடுக்குவது அவர் வழக்கம். முன்பெல்லாம் அபூபக்கரின் சாப்பாட்டுக் கடையிலிருந்து இரண்டு அரிசி மூட்டைகளை இரவல் வாங்கி, பின்னிருக்கையின் இரு பக்கத்திலும் வைப்பார். இப்போதோ அவசர காலம். காட்டிலிருந்து போரிடும் கம்யூனிஸ்டுகளுக்கு உணவு போய்விடும் என்ற அச்சத்தால், அனுமதிச் சீட்டின்றி ஒரு படி அரிசியைக்கூட வண்டியில் ஏற்ற முடியாது. எனவே இம்முறை மூட்டைகளுக்குப் பதிலாக மனிதர்களை ஏற்றினார். பின்னிருக்கையின் இடப்புறம் அபூபக்கர், வலப்புறம் தம் மனைவி மருதம்மாள், முன்னிருக்கையில் மனோகரன். வண்டி கடையின் பின்புறத்தில் நின்றது. ராமையா அதன் அடியில் படுத்திருந்தார்.

"எவ்வளவு நேரம் ராமையா இப்படியே குந்தியிருக்கிறது? அடுப்புல குருமா கெடக்கு," என்றார் அபூபக்கர்.

"அசையாம இருங்க பாய். நீங்க மூச்சு விட்டாலே கம்பி ஆடுது."

மருதம்மாள் சிரித்தாள். "கல்யாணம் கட்டிப் பதினாறு வருசத்துல, இந்தக் காடியில என்னைய சும்மா ஒக்கார வச்சது இதான் பாய் மொத தடவ."

"சும்மா இல்லக்கா, நீ இப்ப மூட்ட," என்றான் மனோகரன். "எண்ணெய் பிரேக்கா இருந்தா யாரும் மூட்டையாவ வேணாம்லா, மச்சான்."

"குழாயில ஓட்ட விழுந்தா எல்லாரையுமே மூட்டையாத்தான் கட்டணும்," என்று வண்டிக்கடியிலிருந்து பதில் வந்தது.

மறுநாள் காலை நால்வரும் சுங்கை பட்டாணிக்குப் புறப்பட்டனர். சோதனையின்போதும் அதே பாரம் இருக்க வேண்டும் என்று ராமையா கேட்டுக்கொண்டிருந்தார். வழியில் முள்வேலித் தடுப்பருகே போலீஸ்காரர் ஒருவர் இருக்கையைத் தூக்கிப் பார்த்து, அரிசி இருக்கிறதா என்று வினவினார். "இருக்கு துவான். காலையில தின்னது," என்று அபூபக்கர், ஐயா என்பதற்கான மலாய்ச் சொல்லால் அவரை விளித்து, தம் வயிற்றைத் தடவிக் காட்டினார். போலீஸ்காரர் சிரித்துக்கொண்டே தடுப்பை விலக்கினார்.

ஊருக்கு வெளியே நேரான சாலையின் குறுக்கே இரண்டு வெள்ளைக் கோடுகள் போடப்பட்டிருந்தன. சோதனை அதிகாரி ஜைனல் அங்கே காத்திருந்தார். உயரமும் மெலிவுமான இளைஞர். ஜித்ராவில் தோட்டத் தமிழருக்கு மளிகைக் கடை வைத்திருந்தவரின் மகனாதலால் தமிழ் சரளமாகப் பேசினார். முப்பது மைல் வேகத்தில் வந்து, முதற்கோட்டில் பிரேக்கை மிதித்து, இரண்டாம் கோட்டைத் தாண்டாமல் நேராக நிற்க வேண்டும் என்று விளக்கினார்.

அந்நேரத்தில் அபூபக்கர் முன்கதவைத் திறந்தார். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, புதிய சொங்கோக் தொப்பி. "ஆபீசரு பாக்கறாரு. நான் என்ன, பின்னால ஒளிஞ்சுக்கிட்டா வர்றது?" என்று முன்னிருக்கையில் அமர்ந்துவிட்டார். மனோகரன் பின்னால் போனான். பத்தாண்டுச் சினேகிதரை அதிகாரியின் முன்னிலையில் எழுப்பி அனுப்ப ராமையாவுக்கு நா எழவில்லை.

வண்டி முப்பதைத் தொட்டது. முதற்கோட்டில் ராமையா மிதித்தார். இரண்டாம் கோட்டுக்கு முன்னமே வண்டி நின்றது. ஆயினும் வலப்புறமாக இழுத்து, எதிர்வரும் வண்டிகளுக்குரிய பாதியில் குறுக்காக நின்றது.

ஜைனல் நடந்து வந்தார். "தூரம் சரிதான் அண்ணே. ஆனா எதுத்தாப்புல லோரி வந்திருந்தா?"

ராமையா இறங்கிக் குறுக்காக நின்ற சக்கரங்களைப் பார்த்தார்.

"இன்னொரு வாய்ப்பு இருக்கு. அதுலயும் இழுத்தா எண்ணெய் பிரேக்தான்."

மனோகரன் ஏளனம் செய்யவில்லை. அதுவே ராமையாவுக்கு அதிகமாக வலித்தது. அவர் வண்டிக்கடியில் புகுந்தார். நேற்று விண்ணென்று நின்ற இடப்புறப் பின்கம்பி இன்று தொய்ந்து கிடந்தது. அந்தக் கம்பியை முடுக்கியபோது அதன் மேலே உட்கார்ந்திருந்தவர் யார் என்பது உடனே விளங்கிற்று. நேற்றிருந்த பாரம் இன்று அவ்விடத்தில் இல்லை.

அபூபக்கரும் அதைப் புரிந்துகொண்டார். கடை நடத்துபவருக்கு எடை தெரியாதா? சிரமப்பட்டுக் குனிந்து, "நான் நேத்து மாதிரி பின்னால போயிடுறேன். காடி நேரா நின்னுடும். யாருக்குத் தெரியப் போவுது?" என்று மெல்லச் சொன்னார்.

ராமையா தொய்ந்த கம்பியை விரலால் இழுத்துப் பார்த்தார். அபூபக்கர் சொன்னபடி செய்தால் சோதனைச் சீட்டுக் கையில் வந்துவிடும், கம்பி பிழைத்துவிடும். ஆனால் நாளைக்கு ஒரு பிள்ளைத்தாய்ச்சியை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போகும்போது பாயையும் கூட ஏற்றிக்கொண்டா போவது? நம்பத் தக்கது என்றுதானே இக்கம்பியை இத்தனை ஆண்டு வைத்திருக்கிறார்? அவர் வெளியே வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, நேரே ஜைனலிடம் சென்றார்.

"துவான், கம்பி மேல தப்பில்ல, எம்மேலதான். முன்னெல்லாம் ரெண்டு பக்கமும் அரிசி மூட்ட வச்சு முடுக்குவேன். இப்ப அரிசிக்குத் தடை. அதனால ஆளுங்கள வச்சு முடுக்கினேன். மூட்ட ரெண்டும் ஒரே எட. ஆளுங்க அப்படி இல்ல. அத நான் யோசிக்கல."

ஜைனல் அபூபக்கரை ஏற இறங்கப் பார்த்தார். "இவரு எத்தன மூட்ட?"

"சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா துவான்?" என்றார் அபூபக்கர்.

அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டார். "எண்ணெய் பிரேக்குன்னா பட்டறைக்கு அனுப்பியிருப்பேன். இத இங்கயே சரி பண்ண முடியுமா?"

"கால் மணி நேரம் போதும் துவான். ஆனா ஒரே எடையில ரெண்டு பேரு வேணும்."

எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்தனர். மருதம்மாள்தான் சொன்னாள்: "எதுக்குத் தேடறீங்க? எந்தம்பியும் துவானும் ஒரே ஒசரம், ஒரே ஒல்லி."

 ஜைனல் தம் கோப்பைப் புல்லின்மேல் வைத்துவிட்டு, பின்னிருக்கையின் இடப்புறத்தில் ஏறி அமர்ந்தார். வலப்புறத்தில் மனோகரன். ராமையா மீண்டும் அடியில் புகுந்தார். கம்பி முனைகளிலிருந்த சிறகு போன்ற நட்டுகளைத் திருப்ப விரல்களே போதுமானவை. ஒவ்வொரு திருப்பையும் எண்ணி எண்ணி, இரு பக்கத்தையும் சமமாக்கினார்.

"கால நீட்டிக்கலாமா அண்ணே?" என்று மேலிருந்து ஜைனல் கேட்டார்.

"கூடாது துவான்."

"மூட்டைக்கு ஏது காலு?" என்றான் மனோகரன். அதிகாரி இம்முறை சிரிப்பை அடக்கவில்லை.

அவர்கள் இருவரையும் ஏற்றியபடியே ராமையா முதலில் ஓட்டினார். வண்டி நூல் பிடித்தாற்போல் நேராக நின்றது. ஜைனல் இறங்கி, எல்லாரையும் இறக்கிவிட்டு வெறும் வண்டியை ஓட்டச் சொன்னார். அதுவும் நேராக நின்றது. இறுதியாக அபூபக்கரை முன்னால் ஏற்றி ராமையா ஓட்டினார். ஒரு சாண் மட்டும் இடப்புறம் இழுத்தது. ஜைனல் குனிந்து சக்கரத் தடத்தைச் சாணால் அளந்து பார்த்து, "இது பரவாயில்ல. எதுத்த பக்கம் போவலயே," என்றார்.

ராமையா வண்டியிலிருந்து இறங்கி வந்தார். மருதம்மாள் முந்தானையால் அவர் கன்னத்திலிருந்த கிரீசைத் துடைத்தாள். அதிகாரியின் எதிரில் அவ்வாறு செய்வதற்கு அவள் கூச்சப்படவில்லை. அவரும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

ஜைனல் வண்டியின் முகப்பில் சோதனைச் சீட்டை வைத்து ஆங்கிலத்தில் எழுதினார். மனோகரன் தோளுக்கு மேலாக எட்டிப் படித்து, தமிழில் சொன்னான்: "பழைய கம்பி பிரேக் அப்படியே இருக்கலாம். ஆறு மாசத்துக்கு ஒரு தடவ சோதனைக்கு வரணும்." பின்பு, "அப்ப அந்த எண்ணெய் பிரேக்க வேற யாருக்காச்சும் மாட்டிடவா, மச்சான்?" என்றான்.

"மாட்டிடு மாப்பிள்ள. நல்ல ஆளாப் பாத்து மாட்டு," என்றார் ராமையா.

ஜைனல் கையொப்பமிட்டார். சட்டத்தின்படி நேரத்தையும் குறிக்க வேண்டுமாதலால், கைக்கடிகாரத்தைப் பார்த்து அதையும் எழுதினார். முற்பகல் மணி பதினொன்று நாற்பது.