நீளம் பூஜ்யம்

ரூட்டரை விழவைப்பதுதான் அவளுடைய வேலை. நிறுவனம் எழுதும் ரூட்டர் மென்பொருளுக்குக் கோணல்மாணலான செய்திகளை அனுப்பி, எதைக் கொடுத்தால் அதற்கு மூச்சு முட்டுகிறது என்று பார்ப்பாள். அலுவலகத்தில் 'உடைப்பு' என்று பட்டப்பெயர். மதியச் சாப்பாட்டையும் சோதனை அறையிலேயே, விசிறிகளின் இரைச்சலுக்கு நடுவில் முடித்துக்கொள்வாள். வேலை தலைக்கு மேல் கிடக்கிறது என்பாள். உண்மையில், விவாகரத்துக்குப் பிறகு கேன்டீனில் யார் பக்கத்தில் போய் உட்காருவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அன்று அவள் அனுப்பிய ஒரு சின்னச் செய்தியில் ரூட்டர் உறைந்துபோனது.

செய்தி துண்டு துண்டாக வரும். ஒவ்வொரு துண்டும் தன் நீளத்தைச் சொல்லும். மென்பொருள் அவ்வளவு தூரம் தாண்டி அடுத்த துண்டுக்குப் போகும். ஒரு துண்டு தன் நீளம் பூஜ்யம் என்றால், பாவம், மென்பொருள் நின்ற இடத்திலேயே நடந்துகொண்டிருக்கும். கொஞ்ச நேரத்தில் ரூட்டர் தானாக அணைந்து எழும். எழுந்ததும் அதையே அனுப்பினால் மறுபடி விழும். வேண்டாதவன் கையில் இது கிடைத்தால், கடவுச்சொல்கூட இல்லாமல் ஒரு ஊரையே இணையமில்லாமல் உட்காரவைத்துவிடலாம்.

பூஜ்யம் வந்தால் தூக்கிப் போடும்படி ஒரு வரி சேர்த்தார்கள். உடனே பழைய மாடல் ரூட்டர்களோடு இருந்த இணைப்புகள் அறுந்தன. ஏனென்று யாருக்கும் பிடிபடவில்லை. அந்தப் பகுதியை எழுதியவன் வேலையை விட்டுப் போயிருந்தான். அவன் அவளுடைய முன்னாள் கணவன்.

மேலாளர் சோதனை அறை வாசலில் வந்து நின்றார்.

"அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டா தெரிஞ்சிடும்." பேனா மூடியைத் திருகினார். "நம்பர் உங்ககிட்ட இருக்கும்ல?"

இருந்தது. மனப்பாடமாகவே இருந்தது.

அவன் வீட்டு போனை எடுத்தது மாமியார்.

"அத்தை, நான்தான்."

"இளைச்சுப் போயிட்டியாம்மா?"

"போன்ல எப்படித் தெரியும் அத்தை?"

"குரல் இளைச்சிருக்கே." பிறகு உள்ளே திரும்பி மகனைக் கூப்பிடுவது கேட்டது.

"சொல்லு," என்றான் அவன்.

சொன்னாள். அவன் சிரித்துவிட்டான். "இத்தன நாள் உன் கையில சிக்காம இருந்ததே பெரிசு. பழைய பெட்டிங்க செய்தி முடிஞ்சதுன்னு காட்ட பூஜ்யம் போடும். கடைசியில வந்தா விட்டுடு. நடுவுல வந்தா தூக்கிப் போடு."

"கடைசின்னு எப்படித் தெரியும்?"

"பின்னாடி மீதி இருக்கான்னு பாரு. ஒண்ணுமில்லன்னா அதான் கடைசி."

அவன் லைனிலேயே இருந்தான். அவள் அந்த வரியை மாற்றி ஏற்றினாள். இணைப்புகள் ஒவ்வொன்றாக மீண்டன. கெட்ட செய்தியை அனுப்பினாள். ரூட்டர் அதைத் துப்பிவிட்டு வேலையைப் பார்த்தது.

"விழாம நிக்குதா?"

"நிக்குது."

அந்தப் பக்கம் யாரோ பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

"சரி, வச்சிடட்டுமா?" என்றான்.

திருத்தம் வெளியானது. எல்லா வாடிக்கையாளர்களும் உடனே ஏற்ற வேண்டும் என்று அறிவிப்பு போனது. எந்த அசம்பாவிதமும் நடக்கவில்லை. மேலாளர் கூட்டத்தில் அவளைப் பாராட்டினார். கைதட்டினார்கள். அவள் சோதனை அறைக்குத் திரும்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை துணி மடித்துக்கொண்டிருந்தவள், பாதியில் விட்டுவிட்டு அதே வீட்டு நம்பரில் அவனைக் கூப்பிட்டாள்.

"மறுபடி விழுந்துடுச்சா?"

"இல்ல. சும்மாதான்."

அவன் தொண்டையைச் செருமினான். "இங்க ஒருத்தங்க இருக்காங்க. கல்யாணம் பேசியாச்சு. நானே சொல்லியிருக்கணும்."

"அன்னிக்குப் பாத்திரம் கழுவினது?"

"ஆமா."

"நல்லது," என்றாள். அவள் நினைத்ததைவிட இயல்பாகவே வந்தது அந்தச் சொல்.

"வேலை விஷயம்னா தயங்காம கூப்பிடு."

வேலை விஷயம் அவ்வளவு சீக்கிரம் வராதபடி இருவருமாகச் சேர்ந்து சரிசெய்துவிட்டார்கள். அதை அவள் சொல்லவில்லை. "அத்தைகிட்ட குடு," என்றாள்.

அத்தை மூட்டுவலி பற்றியும் ஒழுகும் குழாய் பற்றியும் பேசினாள். புதியவள் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. காது சூடாகும்வரை இவள் கேட்டுக்கொண்டிருந்தாள். மடிக்காத துணிகள் மேலே வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது.

"அடுத்த வாரமும் பேசுவியாம்மா?"

"பேசுறேன் அத்தை."

அத்தை குரலைத் தாழ்த்தினாள். "அவங்க ரெண்டு பேரும் வெளிய போற நேரமா பாத்துக் கூப்பிடு."