பத்து நிமிட பெல்ட்

எங்கள் அலபாமா வட்டாரத்து மல்யுத்தத்தில் சாம்பியனுக்குத் தருகிற பெல்ட்டுகள் இரண்டு. பெரியது தங்க முலாம். சின்னது டிவி பெல்ட், குதிரைச் சேணம் தைக்கிறவர் செய்தது. சனிக்கிழமை காலை ஸ்டுடியோவிலிருந்து நேரடியாக ஒளிபரப்பாகும் சண்டைக்கு மட்டும். பத்து நிமிடத்துக்குள் தோற்காவிட்டால் பெல்ட் சாம்பியனிடமே இருக்கும்.

நாய்க்குப் போடுகிற எலும்பு என்று அதைச் சொல்வார் முதலாளி ஹாய்ட் ஸ்கார்பரோ, வாய் கூசாமல். வெர்டெல் டப்ஸுக்கு வருடக்கணக்காக அந்த எலும்புதான். கறுப்பினத்தவன் என்பதால் பெரிய பெல்ட் அவன் பக்கம் திரும்பியதே இல்லை. இத்தனைக்கும் எங்களில் நிஜமாகவே மல்யுத்தம் தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.

யார் ஜெயிப்பது என்பதை முதலாளி முன்பே முடிவு செய்துவிடுவார். நேரம் பார்த்து அதை மல்லர்களின் காதில் போடுவது நடுவரான என் வேலை.

1979இல் ஒரு சனிக்கிழமை. "இன்னிக்கு வெர்டெல் பர்ல்கிட்ட தோக்கணும். பர்ல் சின்ன பெல்ட்டைக் கேமரா முன்னாடியே குப்பையில போடுவான். இனிமே ஒரே பெல்ட்தான்" என்றார் முதலாளி. பர்ல்தான் பெரிய சாம்பியன். வெர்டெல் குனிந்து பூட்ஸ் கயிற்றை இறுக்கிக் கட்டினான்.

மேடையில் நேரம் நெருங்கியது. பர்லின் தலை வெர்டெலின் கக்கத்தில் சிக்கியிருந்தது. நான் குனிந்தேன்.

"விட்டுக்குடுடா வெர்டெல், நேரமாச்சு."

"முடியாது, ஆர்விஸ்."

"விளையாடாத. மொதலாளி பாத்துக்கிட்டிருக்காரு."

"நல்லா பாக்கட்டும்."

"கையை எடுடா, கழுத்து போயிடும்!" என்று திணறினான் பர்ல்.

"நீதானேடா பெரிய சாம்பியன்? எடுத்துக்கோயேன்!"

கேமராவுக்குப் பின்னால் ஸ்கார்பரோ கைகால் உதறிக் குதித்தார். நேரடி ஒளிபரப்பு, உள்ளே வரவும் முடியாது. பத்து நிமிட விதியையே மனிதர் மறந்துபோயிருந்தார். அந்த பெல்ட்டை என்றைக்கு அவர் மதித்தார், ஞாபகம் இருக்க?

பத்து நிமிடம் முடிந்து மணி அடித்தது.

பர்லின் கையைத் தூக்கு என்று முதலாளி சைகை காட்டினார். எனக்குக் கோபம் வந்தது. வெர்டெலின் கையைத்தான் தூக்கினேன், எட்டிய மட்டும் உயரமாக.

"ரெண்டு பேரும் வெளியே போங்கடா! பெல்ட்டை வெச்சுட்டுப் போ!" என்று உடைமாற்றும் அறையில் என்னையும் வெர்டெலையும் பார்த்துக் கத்தினார் ஸ்கார்பரோ.

வெர்டெல் அதைச் சட்டைக்கு மேலேயே கட்டிக்கொண்டான். "வந்து எடுத்துக்கோங்க."

அறை நிறைய மல்லர்கள். ஒருவனும் அசையவில்லை.

அடுத்த வாரம் அந்தப் பட்டத்தை ஒழித்துவிட்டதாக டிவியில் அறிவித்தார்கள். ஒழித்தார்களாம்! டோத்தன் ஊரில் வெர்டெலின் டயர் கடைக்குப் போய்ப் பாருங்கள், பெல்ட் ஆணியில் தொங்குகிறது. வேண்டுமென்கிறவன் வரலாம். பத்து நிமிடம் தருவான்.