கேசட்டில் ஏறாத பந்து

சித்தப்பா கடிகாரம் பழுதுபார்ப்பவர். தபாலில் வந்த பாகங்களைப் பற்றவைத்து வீட்டிலேயே ஒரு கம்ப்யூட்டர் செய்திருந்தார். அதற்குத் திரை எங்கள் டிவிதான். பத்திரிகையில் வந்த பந்து விளையாட்டு புரோகிராமின், எண்ணும் எழுத்துமான முந்நூறு வரிகளை அவர் வாசிக்க, பள்ளியை விட்டு நின்றுவிட்ட நான் இரண்டு நாளாகத் தட்டினேன்.

"லாட்டரி நம்பரா? ஏதாவது விழுந்துச்சா?" என்பாள் சித்தி.

கரண்ட் போனால் பெட்டிக்கு எல்லாம் மறந்துவிடும். டேப்ரெக்கார்டரில் போட்ட கேசட்டில் கீச்சொலியாகப் பதிந்தால்தான் மிஞ்சும். முதல் நாள் பாதி ஒழுங்காகப் பதிந்தது. இரண்டாம் நாள், கம்பி மாற்ற நாலு மணிக்குத் தெருவில் கரண்டை நிறுத்துவதாகச் சொல்லியிருந்தார்கள். மூன்றரைக்கு முழுவதையும் பதிந்தோம், இருந்த ஒரே கேசட்டில், நேற்றையதன் மேலேயே. சரிபார்த்தால் பிழை. மறுபடியும் பிழை.

"நேத்து ஏறுச்சே, சனியன்!" சித்தப்பாவுக்கு வியர்த்துவிட்டது.

கேசட்டை ஓடவிட்டுக் காதை வைத்தேன். வழக்கமான கீச்சுக்கு அடியில், பாட்டிலுக்குள் மாட்டிய ஈ போல ஓர் இரைச்சல். நேற்று அது இல்லை. நேற்று டேப்ரெக்கார்டர் நாற்காலியில் இருந்தது. இன்று சித்தி பெருக்கும்போது டிவி மேல் தூக்கி வைத்திருந்தாள். நான் அதை எடுத்து, வயர் எட்டும் தூரத்துக்குத் தரையில் வைத்தேன்.

"ஏய் பூனை, என்ன பண்றே?" சத்தமே காட்டாததால் எனக்கு வீட்டில் அந்தப் பெயர்.

"டிவி... ஈ மாதிரி முனகுது சித்தப்பா."

அவர் என்னையும் டிவியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பதியும் பொத்தானை அமுக்கினார். பதிந்து முடிந்தது. சரிபார்ப்பதற்குள் கரண்ட் போய்விட்டது.

டேப்ரெக்கார்டர் பேட்டரியிலும் ஓடும். போட்டுக் கேட்டோம். வெறும் கீச்சு.

"இதுக்குப் பேரு பாட்டா?" என்றாள் சித்தி.

"சும்மா இரு. ஈ போயிடுச்சான்னு கேக்குறோம்."

ஐந்து மணிக்குக் கரண்ட் வந்தது. கேசட்டிலிருந்து விளையாட்டு மறுபடி பெட்டிக்குள் ஏற நாலு நிமிடம் பிடித்தது. திரையில் ஒரு வெள்ளைப் பந்து கிளம்பியது. மட்டையில் பட்டுத் திரும்பியது. பிறகு இடது ஓரத்தைத் தாண்டிப் போனது, வரவே இல்லை.

"எங்க போச்சு?" சித்தப்பா டிவிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். சித்தி சிரித்துச் சிரித்து உட்கார்ந்துவிட்டாள்.

எனக்கு விரல்கள் துறுதுறுத்தன. பத்திரிகையை அவரிடம் நீட்டினேன்.

"இடது சுவருக்குன்னு ஒரு வரி இருக்கும், தட்டாம விட்டிருப்போம். மொதல்லேர்ந்து வாசிங்க சித்தப்பா."