நடுவில் வைத்த மட்டம்

"அது மட்டம் பார்க்கிற மெஷின் இல்ல. மட்டமான மெஷின்."

"வாயை அளந்து பேசுங்க அண்ணி. மெஷின் சொன்ன இடத்துல பைப்பை வச்சிருந்தா தண்ணி ஏன் நிக்குது?"

"அதைத்தான் நானும் கேக்குறேன். உன் வீட்டுக்காரரைக் கேளு. உன்கூடப் பேசுறதைவிட அதுகூடத்தானே அவர் அதிகம் பேசுறார், அது அவர்கிட்ட சொல்லியிருக்கும்."

குழாயடியில் குடங்கள் வரிசையாக நின்றன. குடங்களுக்குச் சொந்தக்காரிகளில் ஒருத்திக்கும் தண்ணீர் அவசரம் இருந்ததாகத் தெரியவில்லை. அண்ணியும் நாத்தனாரும் எதிரெதிர் வீடு; இவள் சட்டியில் கொதிப்பதை அவள் அங்கிருந்தே கிண்டிவிடலாம், அத்தனை குறுகல் சந்து. இவ்வளவு வருஷம் இருவரும் ஒரு தடவைகூட முறைத்துக்கொண்டதில்லை என்பது தெருவுக்கு ஒரு குறையாகவே இருந்துவந்தது. அந்தக் குறை அன்று காலை தீர்ந்தது.

அண்ணியின் புருஷன் மேஸ்திரி. கழிவுநீர் பைப் பதிக்கிற ஒரு கூட்டத்தைக் கட்டி மேய்ப்பவர். நாத்தனார் அவருடைய உடன்பிறந்த தங்கை. அவர் வாய்க்கு வாய் "தங்கச்சி, தங்கச்சி" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, அவளைவிட வயதில் சின்னவர்கள்கூட அவளைத் தங்கச்சி என்றே அழைத்தார்கள். தங்கச்சியின் வீட்டுக்காரர் லெவல் மெஷினில் கண்ணை வைத்து மட்டம் பார்ப்பவர். அதனால் அவர் மட்டக்காரர். காய்ச்சலென்று ஒரு நாள் படுத்தால் போதும், "மட்டக்காரர் இன்னிக்கு மட்டம்" என்று தெரு சிரிக்கும். அவர் சிரிக்க மாட்டார். சிரிப்பையும் அளந்து வைத்திருப்பவர்.

விஷயம் இதுதான். புதிதாகக் கட்டிய வீட்டு வரிசையிலிருந்து பெரிய சாக்கடை வரைக்கும் பூமிக்கடியில் ஒரு பைப் லைன். மட்டக்காரர் மெஷினைப் பார்த்து உயரம் சொல்வார். தங்கச்சி தினக்கூலிக்கு அளவுகோலைப் பிடிப்பாள். அந்த உயரத்தில் மேஸ்திரியின் ஆட்கள் பைப்பைப் படுக்கவைப்பார்கள். இப்படி ஒரு குடும்பமே சேர்ந்து சரிவு கொடுத்து, மண்ணையும் மூடியாகிவிட்டது. அதன் பிறகு இன்ஜினியர் ஒரு லாரித் தண்ணீரை மேட்டு முனையில் திறந்துவிட்டார். தண்ணீர் கொஞ்ச தூரம் போயிற்று, யோசித்தது, ஊற்றிய இடத்துக்கே திரும்பி வந்து அங்கே நின்றிருந்தவர்கள் எல்லார் செருப்பையும் நனைத்தது.

"முழுசாத் தோண்டி எடுத்து மறுபடி வைங்க. இதுக்குக் கூலி கிடையாது" என்றார் இன்ஜினியர். "முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க, வேற கூட்டம் ரெடியா இருக்கு."

மேஸ்திரி, பைப் சரியாகத்தான் இருக்கிறது, மெஷினைச் சோதிக்க வேண்டும் என்று நின்றுவிட்டார். சோதனை அன்று மத்தியானம். மெஷின் தப்பென்றால் தோண்டுகிற செலவு கம்பெனி தலையில்; மட்டக்காரர் வேலையும் போகும். மெஷின் சரியென்றால் மேஸ்திரி கூட்டத்தோடு வெளியே. இப்படி ஒரு நாளில் குழாயடியில் சண்டை வராமல் என்ன செய்யும்.

சண்டையில் அண்ணி ஒரு வார்த்தை விட்டாள்.

"ட்யூபைச் சுருட்ட வச்சது யாரு? நீதானே."

மேஸ்திரியிடம் ஒரு ட்யூப் உண்டு. கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற நீளக் குழாய். அதில் தண்ணீர் நிரப்பி இரண்டு முனையையும் இரண்டு இடத்தில் தூக்கிப் பிடித்தால் தண்ணீர் இரு பக்கமும் ஒரே மட்டத்தில் நிற்கும். எந்தப் பெரிய கம்பெனி வேலையானாலும், யார் என்ன அளவு சொன்னாலும், ட்யூபைப் போட்டு ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் முதல் பைப்பை இறக்குவார். இந்த வேலையிலும் முதல் நாள் அதை விரித்தார். தங்கச்சி கோலைப் பிடித்தபடியே, "ஏண்ணே, எங்க வீட்டுக்காரர் சொல்றதுல நம்பிக்கை இல்லையா?" என்றாள். பாதி விளையாட்டுத்தான். மீதிப் பாதி மேஸ்திரிக்குச் சுருக்கென்றது. தங்கை புருஷன் சொன்ன அளவை ட்யூப் போட்டுப் பார்ப்பது, சம்பந்தி வீட்டில் கொடுத்த தண்ணீரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுக் குடிப்பது போல. ஆட்கள் வேறு பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுருட்டிக் கொட்டகையில் போட்டுவிட்டார்.

மத்தியானம் அதே ட்யூப் வெளியே வந்தது. வெயிலில் மண் வெள்ளையாக வெந்துகொண்டிருந்தது. சமதரையாகத் தெரிந்த ஓர் இடத்தில் தள்ளித் தள்ளி இரண்டு முளை அடித்தார்கள். மேஸ்திரி ட்யூபை நகர்த்தி நகர்த்தி, முட்டியை மண்ணில் ஊன்றி, தண்ணீரில் குமிழி இருக்கிறதா என்று விரலால் தட்டித் தட்டிப் பார்த்து முடிவைச் சொன்னார்.

"அந்த முளையைவிட இது இருபத்து மூணு சென்டி தாழ்வு."

"சரி. இப்ப மெஷின் என்ன சொல்லுதுன்னு பாப்போம்" என்றார் இன்ஜினியர். தொப்பி தலைமுடியைக் கலைத்துவிடுமென்று அதைக் கையிலேயே வைத்திருக்கிறவர்.

மட்டக்காரர் மெஷினையும் ஸ்டாண்டையும் தூக்கிக்கொண்டு முதல் முளைப் பக்கம் போனார். முளையை ஒட்டி, கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில், ஸ்டாண்டின் கால்களை விரித்தார்.

"அங்க எதுக்குப் போறீங்க? நடுவுல வைங்க."

"சார், கிட்ட வச்சு ஒரு தடவை…"

"நடுவுல வைங்க. பாக்குறவங்களுக்கு நியாயமா இருக்கட்டும். இந்த முளைப் பக்கம் நின்னா ஒருத்தர் பேசுவாங்க, அந்தப் பக்கம் நின்னா இன்னொருத்தர் பேசுவாங்க."

மட்டக்காரர் ஸ்டாண்டைப் பிடித்தபடி நின்றார். ஏதோ சொல்லப்போகிறவர் போலத்தான் நின்றார். அதற்குள் மேஸ்திரி, "சார் சொல்றது சரிதானே மாப்ள? நடுவுலயே வைங்க. யாருக்கும் மனத்தாங்கல் வேண்டாம்" என்றார்.

டேப் பிடித்து அளந்து, சரி பாதியில் மெஷினை வைத்தார்கள். இத்தனை நேர்மையான சோதனையை அங்கே ஒருவரும் பார்த்ததில்லை.

தங்கச்சி முதல் முளைமேல் கோலை நிறுத்தினாள். அதன் முதுகில் ஒரு சின்னக் கண்ணாடிக்குள் குமிழி இருக்கும். அது வட்டத்துக்குள் நின்றால் கோல் நேராக இருக்கிறதென்று அர்த்தம். மட்டக்காரர் குனிந்து பார்த்து எண்ணைச் சொன்னார். கோலைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் இரண்டாவது முளைக்கு நடந்தாள். நடக்கும்போதுதான் அந்த நினைப்பு வந்தது. கோலை ஒரு நூல் பின்னால் சாய்த்தால் போதும், எண் கூடிவிடும். மெஷினும் ட்யூபும் ஒத்துவராது. அண்ணன் தப்பித்துக்கொள்வார். அந்தப் பக்கம் அண்ணன் ட்யூபைச் சுருட்டிக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் வீட்டுக்காரர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு மறு கண்ணை மெஷினில் வைத்திருந்தார்.

"தங்கச்சி, நேராப் பிடிம்மா" என்றார் மேஸ்திரி.

நேராகப் பிடித்தாள்.

கழித்துப் பார்த்தால் இருபத்து மூன்று. நம்பாமல் மேஸ்திரி இன்னொரு தடவை பார்க்கச் சொன்னார். கோலை அவருடைய ஆள் ஒருவனே பிடித்தான். அப்போதும் இருபத்து மூன்றுதான். கூட்டத்தில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். மேஸ்திரி மெஷினைப் பார்க்கவில்லை. கையிலிருந்த ட்யூபைத்தான் பார்த்தார்.

"உங்க ட்யூப். உங்க ஆள். உங்க தங்கச்சி பிடிச்ச கோல்" என்றார் இன்ஜினியர், கோபம் துளியும் இல்லாமல். "இனிமே நான் என்ன செய்யணும், நீங்களே சொல்லுங்க மேஸ்திரி."

சாயங்காலத்துக்குள் மண்வெட்டிகளும் கடப்பாரைகளும் கொட்டகையிலிருந்து வெளியேறிவிட்டன.

வீட்டுக்கு வந்ததும் தங்கச்சி கதவைச் சாத்தினாள். எதிர்வீட்டுக்குக் கேட்கக் கூடாதென்று கதவு சாத்துவது அந்தச் சந்தில் அதுதான் முதல் தடவை. அதனால் தெரு முழுக்கக் காது வந்துவிட்டது.

"மொதல்ல முளைகிட்ட ஏன் போனீங்க?"

மட்டக்காரர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அதன் மடிப்பைச் சரிசெய்தார். மறுபடியும் சரிசெய்தார்.

"மெஷினோட பார்வை கொஞ்சம் மேல தூக்கியிருக்கு" என்றார். "கிட்டப் பார்த்தா தெரியாது. தூரம் போகப் போக தப்பு ஏறிக்கிட்டே போகும்."

"அப்ப மத்தியானம் எப்படிச் சரியா வந்துச்சு?"

"நடுவுல வச்சா ரெண்டு முளையும் ஒரே தூரம். ரெண்டு பக்கமும் ஒரே அளவு தப்பு. ஒண்ணுல இருந்து ஒண்ணைக் கழிக்கிறோமில்ல, தப்பும் சேர்ந்து கழிஞ்சுபோயிடும். எவ்வளவு கோணலான மெஷினா இருந்தாலும் நடுவுல வச்சா யோக்கியனாத்தான் தெரியும். கிட்ட வச்சு அந்தக் கடைசியைப் பார்த்தாத்தான் மாட்டும்."

"பைப் வைக்கும்போது?"

"மேட்டு முனையில வச்சு நீட்டித்தானே பார்த்தோம். போகப் போக பைப்பை மேலதான் தூக்கி வச்சிருக்கோம்."

அவள் உட்கார்ந்துவிட்டாள். தூக்கி வைக்கச் சொன்னது அவர். எந்த உயரம் என்று கோலைப் பிடித்துக் காட்டியது அவள்.

"எப்ப இருந்து இப்படி?"

"லைன் ஆரம்பிச்ச கொஞ்ச நாள்ல. டீ குடிக்கப் போனேன். காத்துல தார்ப்பாய் அடிச்சு ஸ்டாண்டு சாஞ்சு விழுந்துருச்சு. அன்னைக்கே இன்ஜினியர்கிட்ட சொல்லிட்டேன், ரிப்பேருக்கு அனுப்பணும்னு. வேலை நிக்கக் கூடாது, அப்புறம் பார்த்துக்கலாம்னார்."

"எங்கண்ணன்கிட்ட சொல்லலியே."

"சொன்னா மச்சான் அன்னைக்கே வேலையை நிறுத்தியிருப்பார்."

"நிறுத்தட்டுமே."

மட்டக்காரர் சட்டை மடிப்பை இன்னொரு தடவை சரிசெய்தார்.

தங்கச்சி கதவைத் திறந்துகொண்டு எதிர்வீட்டுக்குப் போனாள். அண்ணன் தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். நடு, கிட்ட, தப்பு கழிந்துபோவது எல்லாவற்றையும் இரண்டு டம்ளரையும் ஒரு கரண்டியையும் தரையில் வைத்துக் காட்டினாள். அவர் கரண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"விடு தங்கச்சி" என்றார் கடைசியில். "என்னைத் தேத்தணும்னு உன் வீட்டுக்காரர் தலையிலயே பழியைப் போடாத."

"தேத்தலண்ணே. அவரே சொன்னார்."

"அவரும் எனக்காகத்தான் சொல்லுவார். நல்ல மனுஷன். என் ட்யூபே சொல்லிருச்சேம்மா. தண்ணி பொய் சொல்லுமா? நம்ம பசங்க எங்கயோ அசால்ட்டா வச்சிருக்கானுங்க. நானும் முன்ன மாதிரி குனிஞ்சு பாக்குறதில்ல."

அண்ணிக்குப் புரிந்துவிட்டது. அவளுக்கு டம்ளர்கூடத் தேவைப்படவில்லை. ஆனால் அவள் கத்தவில்லை. கதவுக்கு வெளியே காத்திருந்த காதுகள் ஏமாந்துதான் போயின.

"இதை இங்க வந்து சொல்ற" என்றாள். "சொல்ல வேண்டிய எடத்துல போய்ச் சொல்லு."

மறுநாள் போய்ச் சொல்லவும் செய்தாள். இன்ஜினியர் அவளை நாற்காலியில் உட்காரச் சொல்லி, முழுவதையும் கேட்டார். குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை.

"நீங்க சொல்றது எனக்குப் புரியுதும்மா. இதெல்லாம் யார் சொல்லிக் குடுத்தா? உங்க வீட்டுக்காரரா? வரச் சொல்லுங்க. மெஷினைக் கீழ போட்டது நான்தான்னு அவர் எழுதிக் குடுத்தா, மேல அனுப்பி நடவடிக்கை எடுத்துடலாம்."

அவள் எழுந்து நின்றாள். வெளியே புதுக் கூட்டம் குழி தோண்ட வந்து இறங்கிக்கொண்டிருந்தது. கோல் பிடிக்க ஆள் வேண்டும் என்று யாரோ கூப்பிட்டார்கள், போய்ப் பிடித்தாள்.

பைப்பை இறக்குவதற்கு முன்னால் லெவல் மெஷின் சத்தமில்லாமல் ரிப்பேருக்கு ஊர்ப்பயணம் போய் வந்தது. போகவும் வரவும் இன்ஜினியர் காரின் பின்சீட்டில், குழந்தையைப் படுக்கவைப்பது போலத் தலையணை வைத்து. திரும்பி வந்ததும் அதை வைத்தே புதுக் கூட்டம் பைப் போட்டது. லாரித் தண்ணீரைத் திறந்துவிட்டதும் அது ஒரு யோசனையும் இல்லாமல் ஓடிப் போய்ச் சாக்கடையில் விழுந்தது. "அதே மெஷின்தானே, அதே மட்டக்காரர்தானே, மாறினது மேஸ்திரி மட்டும்தானே" என்று தெரு கணக்குப் போட்டது. கணக்கு சரியாகத்தான் வந்தது.

அப்புறம் மேஸ்திரியை ஒருவரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. வீட்டைக் காலி செய்த அன்று அண்ணி எல்லார் வீட்டிலும் ஏறி இறங்கிச் சொல்லிக்கொண்டாள், ஒரு வீட்டைத் தவிர. அந்த வீட்டு வாசலைத் தாண்டித்தான் மற்ற வீடுகளுக்குப் போகவேண்டும். காலியான வீட்டுக்குப் புதுக் கூட்டத்து மேஸ்திரியே குடிவந்தார். அவர் பெண்டாட்டி, குழாயடி பக்கத்திலேயே இருப்பது எவ்வளவு சௌகரியம் என்று வந்த அன்றே சொன்னாள். இன்ஜினியருக்குப் பெரிய வேலை கிடைத்து, கல்யாணமும் முடிந்து, அவர் பெண் வீட்டுப் பக்கமே போய்விட்டார். மட்டக்காரரும் தங்கச்சியும் எங்கும் போகவில்லை.

மேஸ்திரியின் மூத்த பெண்ணுக்குக் கல்யாணம் என்று பத்திரிகை வந்தது, தபாலில். போனார்கள். மேஸ்திரி அந்த ஊரில் ஒரு கிடங்குக்குக் காவல் இருப்பதாகச் சொன்னார்கள். தங்கச்சியைப் பார்த்ததும், "வாம்மா, உன் வீட்டுக்காரருக்கு மொதல்ல சாப்பாடு போடச் சொல்லு" என்று எழுந்து வந்தார். அண்ணியும் வா என்றாள், வாய் மட்டும் சொன்னது.

சாப்பாடு முடிந்து எல்லாரும் உட்கார்ந்திருந்தபோது மாப்பிள்ளையின் அப்பா பேச்சுக்குப் பேச்சாகக் கேட்டார். "சம்பந்தி முன்னால பைப் வேலைதானே பார்த்தீங்க? நல்ல வருமானமாச்சே, ஏன் விட்டீங்க?"

மட்டக்காரர் தண்ணீர் டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தார். அடுக்கியதையே கலைத்து மறுபடி அடுக்கினார்.

"கை சரியில்லைங்க" என்றார் மேஸ்திரி. "விட்டுட்டேன்."

"அடடா, எந்தக் கை?" என்று மாப்பிள்ளையின் அப்பா அவருடைய வலது கையை வாங்கி, வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டிப் பார்த்தார். எல்லாம் நன்றாகத்தான் மடங்கின.