கொட்டாவிக்கு ஒரு பேர்

வீட்டுக்கு வந்த அன்றே அவன் மூன்று தரம் கொட்டாவி விட்டான். இருபது நாள் பிள்ளை. உள்ளங்கைக்குள் அடங்குகிற முகம், அதில் பாதி வாய்.

"என்னப்பா, எங்க மூஞ்சியப் பாத்ததுமே சலிச்சுப்போச்சா?" என்று கேட்டார் ஸ்டாம்ப்காரர். அன்றைக்கு விழுந்த பேர்தான் கொட்டாவி.

ஸ்டாம்ப்காரர் என்றால் ரப்பர் ஸ்டாம்ப் செய்கிறவர். கோர்ட்டுக்கு எதிரே, மாடிப்படிக்குக் கீழே, ஆள் நிமிர்ந்து நிற்க முடியாத கடை. எழுத்தை இடவலம் மாற்றியே பார்த்துப் பழகிய கண் அவருக்கு. அவருடைய மனைவி பள்ளிச் சீருடை தைக்கிற இடத்தில் காஜா எடுத்துக்கொண்டிருந்தவள். கொட்டாவி வந்ததும் அந்த வேலையை விட்டுவிட்டாள். பதினோரு வருஷம் காத்துக்கிடந்து, குழந்தைகள் இல்லத்தில் எழுதிக் கொடுத்து, படியேறி இறங்கி வாங்கி வந்த பிள்ளை. அவனை வீட்டில் வைத்துவிட்டு யாராவது சட்டைக்கு ஓட்டை போடப் போவார்களா?

நிஜப் பேர் ஒன்று தனியாக இருந்தது. அவளுடைய அப்பாவின் பேர். அதை அவள் புதுத் துணி மாதிரி மடித்து வைத்திருந்தாள். கிறிஸ்துமஸ் காலை ஆராதனையில் ஞானஸ்நானம். அன்றைக்குப் போதகர் கேட்கும்போதுதான் அந்தப் பேரை வாய்திறந்து சொல்வது என்று வைராக்கியம். காரணம் இருந்தது. முன்னால் இரண்டு பிள்ளைகள், பேரெல்லாம் பார்த்து வைத்த பிறகு, வயிற்றில் தங்காமல் போயின. பேரை முந்திச் சொன்னால் பிள்ளை கைநழுவிவிடும் என்று ஒரு பயம். ஜெபிக்கிற பெண்ணுக்கு இப்படி ஒரு பயம் ஆகாது என்று அவளுக்குத் தெரியும். பயத்துக்கு அது தெரிய வேண்டுமே.

டிசம்பர் பதினைந்தாம் தேதி இல்லத்து மேடம் போன் செய்தாள்.

"பெத்த பொண்ணு திரும்பக் கேக்குறாம்மா. வீட்டுக்குத் தெரியாம கொண்டுவந்து விட்டவ. இப்ப அவ அக்காவுக்கு விஷயம் தெரிஞ்சு, ரெண்டு பேருமா வந்து நிக்கிறாங்க. உங்களுக்கு இன்னும் தத்துக்கான கடைசி உத்தரவு ஆகல. சட்டம் அவங்க பக்கம்தான் இருக்கு. நான் என்னம்மா செய்யட்டும்?"

அவள் அழவில்லை. போனை வைத்துவிட்டு, அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த பால்புட்டிகளை இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துக் கவிழ்த்தாள். அன்று மாலை ஜெபிக்க முழங்கால் போட்டாள். வாயில் ஒரு வார்த்தை இல்லை. மறுநாள் முழங்காலும் போடவில்லை. பதினான்கு வருஷமாக ஞாயிறு வகுப்புப் பிள்ளைகளுக்குக் கிறிஸ்துமஸ் கதை சொல்லிக் கொடுத்தவள், இந்த வருஷம் வேறு யாரையாவது பார்த்துக்கொள்ளச் சொல்லி ஆளனுப்பிவிட்டாள்.

இருபத்துநான்காம் தேதி பகல் மூன்று மணிக்குப் பிள்ளையைக் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். மறுநாளிலிருந்து இல்லத்து ஆபீசுக்கு விடுமுறையாம்.

அன்று காலையிலேயே நாத்தனார் வந்துவிட்டாள். ஸ்டாம்ப்காரரின் அக்கா. கை நல்ல கை, நாக்குதான் கொஞ்சம் நீளம்.

"மனச விட்டுடாத. இதுலயும் ஆண்டவர் ஏதாவது நன்மை வெச்சிருப்பாரு."

"என்ன நன்மைன்னு கேட்டுச் சொல்லுங்க அண்ணி. உங்ககிட்டதான் பேசறாரு போல. எங்கிட்ட பேச்சே இல்ல."

நாத்தனார் எழுந்து போய் அலமாரியைத் திறந்தாள். அலமாரிக் கதவுக்குப் பின்னால் நின்று, சின்னச் சின்னச் சட்டைகளை மடித்துப் பையில் அடுக்கினாள். கதவுக்குக் கீழே தெரிந்த அவள் கால்கள் வெகுநேரம் அசையவே இல்லை. ஞானஸ்நானத்துக்குத் தைத்த வெள்ளைச் சட்டையை அவள் தொடவில்லை. அது ஹேங்கரிலேயே தொங்கியது.

கொட்டாவி பாயில் குப்புறக் கிடந்தான். ஐந்து மாதம் முடிந்து நாலு நாள். இப்போதுதான் குப்புற விழக் கற்றிருந்தான், மல்லாக்கத் திரும்பத் தெரியாது. விழுந்துவிட்டு, யாரோ தன்னைக் கவிழ்த்துப்போட்ட மாதிரிக் கோபத்தோடு தலையைத் தூக்கிப் பார்ப்பான். இனி இவனை யார் புரட்டிப்போடுவார்கள்?

ஸ்டாம்ப்காரர் மனைவிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சட்டைப்பையிலிருந்து ஒரு ஸ்டாம்பை எடுத்து அவள் முன்னால் வைத்தார். மரக்கைப்பிடிக்கு வழவழவென்று மெருகு போட்டிருந்தது.

"போன மாசமே செஞ்சது. நாளைக்குக் குடுக்கலாம்னு வெச்சிருந்தேன்."

அவள் திருப்பிப் பார்த்தாள். சிவப்பு ரப்பரில் எழுத்துகள் எல்லாம் பின்பக்கமாகத் திரும்பி நின்றன. கொம்பு இருக்க வேண்டிய இடத்தில் கால், கால் இருக்க வேண்டிய இடத்தில் கொம்பு.

"ஒண்ணும் புரியல."

"பாத்தா புரியாது. அழுத்தினாத்தான் தெரியும். உங்க அப்பா பேரு."

அவள் அதைத் தரையில் வைத்தாள்.

"பேரு வெச்சு அனுப்பலாம்மா. அந்தத் தடுப்பூசி அட்டையில இன்னும் ‘ஆண் குழந்தை’ன்னுதான் இருக்கு. பார்சல் மாதிரி போகுது புள்ள."

"எங்கப்பா பேரு இந்த வீட்டுக்குன்னு வெச்சிருக்கேன். எவளோ கொண்டுபோக இல்ல." குரல் உயரவில்லை. "பாலு குடுத்தேன், தூக்கத்தக் குடுத்தேன், வேலைய விட்டேன். எங்கிட்ட மிச்சம் இருக்கிறது அந்தப் பேரு ஒண்ணுதான். அதையும் வழிச்சு எடுத்துக் குடுக்கச் சொல்றீங்களா?"

அவர் ஸ்டாம்பை எடுத்துத் திரும்பச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பிள்ளையைப் புரட்டிப்போட்டார்.

இரண்டரைக்கே இல்லத்துக்குப் போய்விட்டார்கள். பெற்றவளும் அவள் அக்காவும் இன்னும் வரவில்லை. மேடத்தின் அறைக்கு வெளியே ஒரு பெஞ்சு. எதிரே பைல் அலமாரி. அதன் தலைமேல், வைக்கோல் பரப்பி, பழைய கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகளை ஆயா அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு ஆட்டுக்குக் கால் இல்லை. சுவரோடு சாய்த்து நிறுத்தினாள். குழந்தையைக் கிடத்துகிற தொட்டி காலியாக இருந்தது.

"குழந்தை எங்க?" என்று ஸ்டாம்ப்காரர் கேட்டார். எதையாவது பேச வேண்டுமே என்று கேட்டதுதான்.

"டிராயர்ல இருக்குங்க. நாளைக்குத்தான் வெக்கணும். இப்பவே வெச்சா, இங்க இருக்கிற வாண்டுங்க ஆளுக்கொரு பக்கமா தூக்கிட்டுப் போயிடுதுங்க."

கொட்டாவி ஸ்டாம்ப்காரரின் மனைவி தோளில் தூங்கியிருந்தான். கழுத்தில் ஈரமாக அவன் மூச்சு பட்டது. அவள் வேறெங்கே பார்ப்பது என்று தெரியாமல் குடிலைப் பார்த்தாள். மரியாள் முட்டிபோட்டிருந்தாள். ஓரத்தில் யோசேப்பு, மூக்கு நுனியில் வர்ணம் உதிர்ந்து, கையில் ஒன்றும் இல்லாமல் நின்றான். வருஷா வருஷம் ஞாயிறு வகுப்பில் இவன் வேஷத்துக்கு ஆள் பிடிப்பதுதான் பெரும்பாடு. "டீச்சர், அவனுக்கு டயலாக்கே இல்ல" என்று பையன்கள் ஓடுவார்கள்.

அப்போதெல்லாம் சிரித்திருக்கிறாள். இன்றைக்கு அந்த ஆளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இவனுக்கும் ஒரு ஏற்பாடு இருந்தது. நிச்சயமான கல்யாணம், ஒரு பட்டறை, பிறகு பிள்ளைகள். நிச்சயித்த பெண் தன்னுடையதல்லாத பிள்ளையைச் சுமக்கிறாள் என்று தெரிந்து, எல்லாம் ஒரே வாரத்தில் தலைகுப்புறக் கவிழ்ந்தது. ஆண்டவர் அதை நிமிர்த்திக் கொடுக்கவில்லை. தூதன் வந்தான், வந்து என்ன சொன்னான்? பிள்ளை உன்னுடையது என்றானா? உன்னோடு கடைசிவரை இருக்கும் என்றானா? பதினான்கு வருஷம் அந்த இடத்தை அவள் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்வித்திருக்கிறாள். பயப்படாதே, அவளைச் சேர்த்துக்கொள், பிள்ளைக்குப் பேர் வை. அவ்வளவுதான். பெறாத பிள்ளை, வைத்துக்கொள்ள முடியாத பிள்ளை. அவனுக்கென்று வந்த வேலை பேர் வைப்பது. வைத்தான். அந்தப் பேரைத்தான் உலகம் இன்றைக்கும் கூப்பிடுகிறது. பத்து நாளாக வாய் அடைத்துக்கிடக்கிற அவளும், எப்போதாவது கூப்பிட்டால் அந்தப் பேரைத்தான் கூப்பிட வேண்டும்.

அவளுக்கு இதனால் ஆறுதல் வந்ததா என்றால், இல்லை. நெஞ்சில் இருந்த கல் இருந்த இடத்தில்தான் இருந்தது. ஆனால் ஒன்று புரிந்தது. எல்லாம் சரியாக இருந்த வீட்டுக்கு ஆண்டவர் வரவில்லை. கவிழ்ந்து கிடந்த இடத்துக்குத்தான் வந்தார், அதுவும் பிறர் கையில் தூக்கிக்கொடுக்கிற பிள்ளையாக. அப்படியென்றால் இந்தப் பெஞ்சுக்கும் வரத் தெரியும் அவருக்கு.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

அக்காக்காரி முன்னால் வந்தாள். துணி தேய்க்கிற கடையில் வேலை செய்கிறவள். மணிக்கட்டில் பழைய சூட்டுத்தழும்பு. அவள் முதுகுக்குப் பின்னால், பத்தொன்பது வயதுகூட நிரம்பாத பெண். அவள் தலையையே தூக்கவில்லை.

மேடம் காகிதங்களைப் பரப்பினாள். கையெழுத்துகள் ஆயின. பிறகு யார் எழுந்து யாரிடம் கொடுப்பது என்று யாருக்கும் தெரியவில்லை.

அக்காக்காரிதான் பேசினாள். "உங்க முகத்தப் பாக்க எங்களுக்கு யோக்கியதை இல்லக்கா. இவ எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா உங்களுக்கு இந்த நெலம வந்திருக்காது."

அந்தப் பெண் தரையைப் பார்த்தபடியே, "என்னன்னு கூப்பிடுவீங்க?" என்று கேட்டாள்.

ஸ்டாம்ப்காரர் தொண்டையைச் செருமினார். "கொட்டாவின்னு… சும்மா, விளையாட்டுக்கு."

"இவளும் சின்னதுல அப்படித்தான்," என்றாள் அக்காக்காரி. "ஸ்கூல்ல இவ ஒருத்தி கொட்டாவி விட்டா கிளாஸ் மொத்தமும் விடும். வெளிய நிக்க வெப்பாங்க."

பெண் முதல்முறையாக நிமிர்ந்தாள். பிள்ளையின் வாயும் அதே வாய்தான். ஸ்டாம்ப்காரரின் மனைவி அதைப் பார்த்தாள். பார்க்காமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவள் கணவரிடம் கையை நீட்டினாள். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். மேடத்தின் மேஜையிலிருந்த மைப்பெட்டியை இழுத்து, தடுப்பூசி அட்டையை விரித்தாள். ஒரு தோளில் பிள்ளை, மறுகையில் ஸ்டாம்ப். ஸ்டாம்பை வைத்து உடம்பின் கனத்தையே அதன்மேல் சாய்த்தாள்.

எடுத்தபோது எழுத்துகள் திரும்பி நேராக நின்றன.

"எங்கப்பா பேரு," என்றாள். "நல்ல மனுஷன். யார்கிட்டயும் குரல் உயர்த்த மாட்டாரு. உனக்குப் பிடிக்கலேன்னா மாத்திக்கோ."

பெண் எழுத்துக் கூட்டிப் படித்தாள். இரண்டாம் தரம் சத்தமாகப் படித்தாள். அந்தப் பேரை அவனைப் பார்த்துச் சொன்ன முதல் ஆள் அவள்தான்.

"மாத்த மாட்டேங்க்கா."

"குப்புற விழுந்தா திரும்பத் தெரியாது அவனுக்கு. பாத்துக்கிட்டே இரு. தூங்கும்போது இடது பக்கம்தான் பிடிக்கும்."

இத்தனையும் சொல்லிவிட்டுத் தோளிலிருந்து பிரித்து, பெற்றவளின் இடது தோளில் சாய்த்தாள். ஸ்டாம்பையும் துணிப்பையில் போட்டாள். "பள்ளிக்கூடப் புத்தகத்துல குத்திக்கலாம்." பிள்ளை விழிக்கவில்லை. போகும்போது கண்டுகொள்ளாமலேயே போனான்.

ஆயா டிராயரைச் சாத்திவிட்டு மூக்கை உறிஞ்சினாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னல் ஓர இடம் கிடைத்தது. கையை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. மடியில் வைத்தாள், எடுத்தாள், கம்பியைப் பிடித்தாள். கட்டைவிரலில் ஊதா மை. கைப்பையில் ஒரு பால்புட்டி இருந்தது, கொடுக்க மறந்துவிட்டாள். இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டபோது கைகளுக்கு ஒரு வேலை கிடைத்தது.

வீட்டில் அந்த வெள்ளைச் சட்டை தொங்கும். பாய் கிடக்கும். நாளைக்கு எல்லாரும் கேட்பார்கள்.

கண்ணை மூடினாள். பத்து நாளாக வராத ஜெபம் வந்தது. அதில் இரண்டே பேர்கள் இருந்தன. ஒன்று அட்டையில் குத்திய பேர், மற்றது யோசேப்பு வைத்த பேர். வேண்டுதல் ஒன்றும் இல்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"நாளைக்கு ஆராதனை எத்தனை மணிக்கு?"

ஸ்டாம்ப்காரர் அவளைத் திரும்பிப் பார்த்தார். "ஏழு." கொஞ்சம் பொறுத்து, "போகணும்னு இல்லம்மா," என்றார்.

"போகலாம். கடைசி பெஞ்சுல உக்காந்துக்கலாம்."

தூங்கிப் பல நாளான மனுஷன். சரி என்று சொல்ல வாய் திறந்தார். பெரிய கொட்டாவி ஒன்று வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. அது அவளையும் பிடித்துக்கொண்டது. இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அவர் கண்ணிலும் தண்ணீர், அவள் கண்ணிலும் தண்ணீர். முன் சீட்டில் இருந்த யாரோ ஒருவர், சம்பந்தமே இல்லாமல், நீளமாக ஒரு கொட்டாவி விட்டார்.